மழைப் பாட்டில் சறுக்கிய கன்னியாஸ்திரி

கியூபெக் நகரமொன்றின் வில்லரேப் பகுதியில், ஜாரி வீதியோரம் ஜெகதீஸ்வரி நடத்திய வீடியோக் கடையில் படம் வாடகைக்கு எடுத்துப் பார்த்த எவருக்கும் இந்த அனுபவம் இருந்திருக்கும். கதாநாயகன் நாயகியை நெருங்குவான். அவள் கண்களை மூடுவாள். திரை ஒருமுறை துள்ளும். அடுத்த கணம், தபால் பையைக் கழுத்தில் மாட்டிய ஒரு காட்டு வாத்து பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் தோணி வலித்துக்கொண்டு போகும். பாட்டு மட்டும் நிற்காமல் ஒலித்துக்கொண்டிருக்கும். வாத்து கரையேறி முடிந்ததும் நாயகனும் நாயகியும் ஒன்றுமே நடவாதவர்கள்போல ஆளுக்கொரு மரத்தில் சாய்ந்து நிற்பார்கள்.

இந்த வேலையை ஜெகதீஸ்வரி தம் கையாலேயே செய்தார். கடையின் பின்னறையில் மூன்று வீடியோப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் மூலப்படம் ஓடும். இன்னொன்றில் புதுக் கசெற் பதிவாகும். மூன்றாவதில் கார்ட்டூன் கசெற் தயாராக நிற்கும். ஒலிக்குரிய சிவப்பு, வெள்ளை வயர்களில் அவர் கை வைப்பதில்லை. படத்துக்குரிய மஞ்சள் வயரை மட்டும், வேண்டாத காட்சி தொடங்கும் நொடியில் பிடுங்கி மூன்றாவது பெட்டியில் செருகுவார். காட்சி முடிந்ததும் பழைய இடத்துக்கு மாற்றுவார். “பாட்டைக் கேக்கத்தானே சனம் காசு குடுக்குது? அதை ஏன் நான் நிப்பாட்டுவான்?” என்பது அவருடைய நியாயம்.

படத்தை மறைத்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்நகரத் தமிழ்க் குடும்பங்கள் பல, ஒரு வரவேற்பறைக்குள் மாமனார், மைத்துனர், வாடகைக்கு இருந்த இளைஞர்கள், பிள்ளைகள் என எல்லோருமாக அமர்ந்துதான் படம் பார்த்தன. நெருக்கமான காட்சி வந்தால் எழுந்து போக இன்னோர் அறை கிடையாது. ஒரு தாய் கசெற்றைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்து, “அக்கா, மாமாவுக்கு முன்னால நான் எங்க பாக்கிறது?” என்று கேட்ட நாளில் ஜெகதீஸ்வரி மஞ்சள் வயரைக் கையில் எடுத்தார்.

வீடுகள் எரியும் காட்சிகளையும் அவர் மறைத்தார். அதைச் செய்யுமாறு யாரும் கேட்கவில்லை. அதற்காக யாரும் சிரிக்கவுமில்லை. மற்றதற்குச் சிரித்தார்கள். ‘கத்தரி அக்கா’ என்ற பெயர் கடைப் பெயரைவிடப் புகழ் பெற்றிருந்தது. யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து, சபானெல் வீதித் தையல் ஆலையில் இரண்டு கைகளும் காய்க்க உழைத்து, அந்த உழைப்பில் கடை வைத்த ஒரு பெண், அந்தப் பெயரையும் ஒரு விருதைப் போலவே ஏற்றுக்கொண்டார்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் கடை மூடும் நிலைக்கு வந்திருந்தது. டிவிடி வந்துவிட்டது. கசெற்றுகளைக் கேட்பார் இல்லை. கண்ணாடிப் பெட்டியில் சுடச்சுட இருந்த றோல்சுக்காகத்தான் ஆட்கள் வந்தார்கள். அப்படி வருபவர்களில் ஒருவர், மேல்மாடியில் தனியே குடியிருந்த அக்னெஸ். எழுபதைத் தாண்டிய கியூபெக் பெண்மணி. உறைப்பு றோல்ஸ் ஒன்றை வாங்கி, அங்கேயே நின்று, கண்ணில் நீர் வரச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

செப்டெம்பரில் ஒரு பிற்பகல், கடைத் தொலைக்காட்சியில் ஒரு பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. நாயகி கண்களை மூடினாள், திரை துள்ளியது, வாத்து வந்தது. அக்னெஸ் றோல்சைக் கடதாசியோடு மேசையில் வைத்தார்.

“மதாம் ஜெகா, எங்கள் வாத்து உங்கள் நாட்டுப் படத்தில் என்ன செய்கிறது?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“உங்கள் வாத்தா?”

“அதன் பெயர் ஃபிர்மான். அதன் கழுத்துப்பட்டிக்கு நான்தான் நீலம் தீட்டினேன். ஐம்பதுகளின் கடைசியில், இந்த நகரத்துக் கார்ட்டூன் கூடம் ஒன்றில்.”

அன்று அக்னெஸ் கதிரையில் அமர்ந்து சொன்ன கதை இதுதான். அந்தக் கூடத்தில் ஆண்கள் கோடு வரைந்தார்கள். பெண்கள் அதற்குள் நிறம் தீட்டினார்கள். ஒரு குளிர்காலத்தில் வரைபவர் ஒருவர் நோயில் விழ, ஒரு காட்சியை முழுவதுமாக வரையும் பொறுப்பு அக்னெஸிடம் வந்தது. வாத்து கொண்டுவந்த கடிதம் காற்றில் பறக்கிறது. அதைப் பிடிக்க ஒரு கன்னியாஸ்திரி, உறைந்த ஆற்றில் சறுக்கிக்கொண்டு ஓடுகிறார். அக்னெஸின் பெரியம்மா கன்னியாஸ்திரியாக இருந்தவர். மடத்துக்குப் பின்னால் யாரும் பார்க்காதபோது சறுக்குவார். சிறுமியாக மரத்தின் பின்னால் நின்று பார்த்ததைத்தான் அக்னெஸ் வரைந்தார்.

“படத்தைப் பார்வையிட வந்த குழுவில் ஒரு பாதிரியார் இருந்தார். கன்னியாஸ்திரி அங்கியைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள், முழங்கால் தெரிகிறது என்றார். வெட்டினார்கள். வெட்டியதை எறிந்துவிட்டார்கள். அதன் பிறகு நான் மறுபடியும் நிறம் தீட்டப் போனேன்.”

இப்போது நகரத்தின் திரைப்படக் காப்பகம் ஒன்று ஃபிர்மான் வாத்துக்குக் கண்காட்சி வைக்கவிருந்தது. மிரேய் என்ற இளம்பெண் அதற்குப் பொறுப்பாக இருந்தார். அக்னெஸ் சொன்னதை அவர் நம்பினார். ஆனால் பார்க்காத காட்சிக்குப் பெயர் போட முடியாது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டார். அக்டோபர் முடிவில் பெயர்ப் பலகை அச்சுக்குப் போகும். அதில் அக்னெஸ், நிறம் தீட்டிய பெண்களின் வரிசையில் இருப்பார்.

“அது பொய்யில்லை, நான் நிறமும் தீட்டினேன்,” என்றார் அக்னெஸ். “ஆனால் என் மகனே அம்மாவுக்கு வயதாகிவிட்டது, கதை கட்டுகிறாள் என்று நினைக்கிறான். அவன் ஒருமுறை பார்த்தால் போதும்.”

ஜெகதீஸ்வரி கடைத் தொலைக்காட்சியை நிறுத்தினார். பிறகு கேட்டார்: “கன்னியாஸ்திரி ஒற்றைக் காலில் சுற்றுவாரா? சுற்றி முடிய, தொப்பியைச் சரிசெய்துவிட்டுச் சிலுவை போடுவாரா?”

அக்னெஸின் கை கதிரைப் பிடியை இறுக்கிற்று. சிலுவை போடுவதைப் பற்றி அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

ஜெகதீஸ்வரி அதைப் பார்த்திருந்தார். தொண்ணூறுகளில் கேபிளில் தொலைதூர ஊரொன்றின் சிறிய நிலையம் சனிக்கிழமைக் காலைகளில் பழைய கார்ட்டூன்களை ஒளிபரப்பும். வெட்டும் ஆணை வருமுன்பே அந்த நிலையத்துக்கு ஒரு சுருள் போயிருக்க வேண்டும். அதைத் திருப்பிக் கேட்க ஒருவரும் நினைக்கவில்லை. நிலையம் பின்னர் மூடப்பட்டது. சுருள்கள் குப்பைக்குப் போயின. ஆனால் வேண்டாத காட்சிகளை மறைக்கக் கார்ட்டூன் தேடிய ஜெகதீஸ்வரி, அந்தக் காலைகளில் பதிவுப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

“என்னிடம் இருக்கிறது,” என்றார் அவர். “நாளைக்கே தருகிறேன்.”

அக்னெஸ் மாடிக்கு ஏறிப் போய்ச் சேர்ந்த கையோடு மிரேயை அழைத்தார். லவாலில் இருந்த மகனையும் அழைத்தார்.

கார்ட்டூன் கசெற்றைப் பின்னறையிலிருந்து எடுத்து ஓடவிட்டபோது, திரையில் வாத்து வரவில்லை. பச்சைப் புல்வெளி வந்தது. வெள்ளைப் பந்து பறந்தது. கூட்டம் கூச்சலிட்டது. தொண்ணூற்றாறாம் ஆண்டு உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதி ஆட்டம்.

ஜெகதீஸ்வரியின் கணவர் மகேந்திரராசா கதவோரம் வந்து நின்றார். ரொறன்ரோவிலிருந்து யாரோ கொண்டுவந்த பிரதியைப் படியெடுக்க அன்று அவருக்கு அவசரமாக ஒரு கசெற் தேவைப்பட்டிருந்தது.

“இஞ்சாருங்கோ, இதில என்ன இருந்தது எண்டு பாத்தனீங்களோ?”

“பாத்தனான். வாத்து.”

“பேந்து?”

“வாத்துத்தானே எண்டு விட்டிட்டன்.”

“அந்த நாட்டை விட்டு உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தனாங்கள். அவங்கள் வெண்டதைப் பதிஞ்சு வைக்க என்ரை கசெற்தான் கிடைச்சுதோ?”

“கிரிக்கெட் வேற, அது வேற,” என்றார் மகேந்திரராசா. சிறிது நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, “நல்ல மச், ஜெகா,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

இனி மிஞ்சியிருந்தது ஒரே வழி. கன்னியாஸ்திரியை அவர் எந்தப் படத்தில் செருகினார் என்பது நினைவில் இருந்தது. ஒரு மழைப் பாட்டு. நாயகி நனைந்த சேலையோடு வயலில் ஆடும் நீண்ட பாட்டு. அதை மறைக்க எதைப் போடலாம் என்று தேடியபோது, கன்னியாஸ்திரி வரும் காட்சியைவிட ஒழுக்கமானது வேறு இருக்க முடியாது என்று, மடத்துப் பள்ளியில் படித்த அந்த மனம் முடிவு செய்திருந்தது. முழங்காலை அவர் கவனிக்கவேயில்லை.

இந்த விடயத்தை அறிந்ததும் மகேந்திரராசாவுக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. “அப்ப, முழங்கால் தெரியுது எண்டு அவளின்ரை பாட்டை வெட்டிப்போட்டு, முழங்கால் தெரியுது எண்டு வெட்டின சிஸ்டரைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறாய்.”

“வாயை மூடிக்கொண்டு அந்தப் பெட்டியை இறக்குங்கோ.”

அலமாரியின் உச்சியிலிருந்து படத்தை இறக்கி ஓட்டினார்கள். மழைப் பாட்டு வந்தது, திரை துள்ளியது, ஓர் எலி பாலாடைக்கட்டிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஓடியது. ஒவ்வொரு பிரதியையும் தனித்தனியே, அந்தந்த நேரத்தில் கைக்கு அகப்பட்ட கார்ட்டூனோடு செய்ததன் விளைவு அது. கன்னியாஸ்திரி இருந்தது மற்றப் பிரதியில். மற்றப் பிரதி கடையில் இல்லை.

ஜெகதீஸ்வரி தெருப்பக்கத்து வளைந்த இரும்புப் படிகளில் ஏறி அக்னெஸின் கதவைத் தட்டினார். மேசையில் இரண்டு கோப்பைகள் தயாராக இருந்தன. கொண்டாடுவதற்காக ஒரு பெட்டி கேக்கும் இருந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அக்னெஸ் கேக்கை வெட்டி ஒரு துண்டைத் தட்டில் வைத்தார்.

“ஐம்பது வருடத்தில் அந்தச் சிலுவையைப் பற்றிச் சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான். அதுவே எனக்குப் போதும்.”

“எனக்குப் போதாது,” என்றார் ஜெகதீஸ்வரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் உள்ள முருகன் கோவிலுக்குப் போனார். வழக்கமாகப் பூசை முடிந்ததும் வீடு திரும்புபவர், அன்று அன்னதான மண்டபத்துக்குள் நுழைந்து பந்தி பந்தியாக விசாரித்தார். மழைப் பாட்டுப் படம், தம் கடைக் கசெற், நடுவில் கறுப்பு அங்கி போட்ட ஒரு சிஸ்டர் பனியில் சறுக்குவார், யாரிடமாவது இருக்கிறதா? கேட்ட இடமெல்லாம் சிரிப்பு எழுந்தது.

“கத்தரி அக்கா, வெட்டினதைத் திரும்ப ஒட்டப்போறியளோ?” என்று ஒரு முதியவர் கேட்டார்.

“ஒட்டினதைத்தான் அண்ணை தேடுறன். வெட்டினது உங்களிட்டை டிவிடியில இருக்கும்.”

“அப்ப எனக்கு இவ்வளவு காலமும் காசு குடுத்துப் பாத்த வாத்துக்குக் கணக்குத் தாங்கோ.”

“வாத்தைப் பாத்ததாலதான் நீங்கள் இண்டைக்கும் கோவிலுக்கு வாறியள்.”

பந்தி முழுவதும் சிரித்தது. ஆனால் கசெற் இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. கையலம்பிவிட்டு வெளியேறும் வழியில், பாயாச வாளியோடு நின்ற ஓர் இளம்பெண் அவரைத் தடுத்தாள். துஷாந்தினி, கடை தொடங்கிய காலத்தில் ஜாரி வீதியிலேயே குடியிருந்த குடும்பத்தின் மகள், இப்போது பல்கலைக்கழகத்தில் படிப்பவள்.

“ஜெகா அன்ரி, கடிதத்தைப் பிடிக்கப் போய் ஒற்றைக் காலில சுத்துவாவே, அந்தச் சிஸ்டரோ?”

“ஓம் பிள்ளை, அவதான். நீ எங்க பாத்தனி?”

“எங்கட வீட்டை இருக்குது. நீங்கள்தானே தந்தனீங்கள்.”

ஜெகதீஸ்வரிக்கு நினைவு வரவில்லை. துஷாந்தினி நினைவூட்டினாள். குடும்பம் வில்லரேயை விட்டு இந்தக் கோவில் பக்கம் குடிபெயர்ந்த நாளில், கசெற்றைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று அவள் கடைவாசலில் அழுதிருக்கிறாள். ஜெகதீஸ்வரி உறையில் இருந்த கடை முத்திரையைக் கிழித்துவிட்டு, “இனி இது உன்ரை” என்று கையில் வைத்திருக்கிறார்.

“அந்தப் படத்திலயே அப்பிடி ஒரு சீன் இருக்குது எண்டுதான் கனகாலம் நினைச்சனான், அன்ரி. போன வருசம் டிவிடி வாங்கிப் பாத்தன். சிஸ்டர் இல்லை. ஆரோ வெட்டிப்போட்டாங்கள் எண்டு கடைக்காரனோட சண்டை பிடிச்சனான்.”

“பேந்து?”

“அவன் என்னை ஒரு மாதிரிப் பாத்தான்.”

அன்றைக்கே துஷாந்தினியின் வீட்டுக்குப் போனார்கள். நிலக்கீழ் அறையில் பழைய வீடியோப் பெட்டி ஒன்று இன்னும் மூச்சு விட்டது. கசெற்றைச் செருகிய பின் ஜெகதீஸ்வரி அமரவில்லை. தொலைக்காட்சிக்கு அருகில் நின்றார். மழை வந்தது. நாயகி வயல் வரப்பில் காலை வைத்தாள். திரை துள்ளியது.

ஆறு விரிந்தது. கடிதம் பறந்தது. கறுப்பு அங்கியை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கன்னியாஸ்திரி, யாரோ துரத்துவதுபோல அல்ல, யாருமே பார்க்கவில்லை என்பதுபோலச் சறுக்கினார். சிறுபிள்ளை விரும்பி விரும்பி ஓட்டிய கசெற் ஆகையால் மேல் விளிம்பில் வெள்ளைக் கோடுகள் நெளிந்தன. ஆயினும் காட்சி தொடக்கம் முதல் முடிவு வரை இருந்தது. ஒற்றைக்கால் சுழற்சி இருந்தது. தொப்பியைச் சரிசெய்வது இருந்தது. சிலுவை இருந்தது. இவ்வளவுக்கும் பின்னணியில் தவிலும் வயலினும் சேர்ந்த மழைப் பாட்டு ஒலித்தது.

“இப்பதான் முழங்காலைப் பாக்கிறன்,” என்றார் ஜெகதீஸ்வரி.

கசெற்றைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனபோது அக்னெஸ், ஜெகதீஸ்வரி, மகேந்திரராசா மூவரும் சேர்ந்தே போனார்கள். காட்சி ஓடி முடியும்வரை மிரேய் அசையவில்லை. அக்னெஸ் பழைய நாள்களில் தாம் வரைந்த தாள்கள் சிலவற்றைக் கொண்டுவந்திருந்தார். அங்கியின் மடிப்பை அவர் போடும் விதமும் திரையில் இருந்த மடிப்பும் ஒன்றாகவே இருந்தன. பெயர்ப் பலகையின் அச்சை நிறுத்திவைக்க மிரேய் அங்கேயே தொலைபேசியை எடுத்தார்.

பின்பு ஒலியைப் பற்றிய பேச்சு வந்தது. மூல ஒலி எங்கும் இல்லை. மஞ்சள் வயர் படத்தை மட்டுமே காப்பாற்றியிருந்தது. தமிழ்ப் பாட்டை நீக்கிவிட்டு, அக்காலத்துக்கு ஏற்ற பியானோ இசை ஒன்றைச் சேர்க்கலாம் என்று மிரேய் பணிவாகச் சொன்னார்.

“வேண்டாம்,” என்றார் அக்னெஸ்.

“உங்கள் காட்சி எப்படி இருந்ததோ அப்படிக் காட்டத்தான் கேட்கிறேன்.”

“அது இருந்த விதத்தை எறிந்துவிட்டார்கள். இது இப்போது இருக்கும் விதம். என் கன்னியாஸ்திரி இவர்களுடைய பாட்டில்தான் உயிரோடு இருந்தாள். அவளிடமிருந்து இனி யாரும் எதையும் வெட்டக் கூடாது.”

மிரேய் ஜெகதீஸ்வரியைப் பார்த்தார். ஜெகதீஸ்வரி தம் கைகளைப் பார்த்தார். மகேந்திரராசா தமிழில், “மனுசி சரியாத்தான் சொல்லுது,” என்றார். பாட்டுக்கு உரியவர்களிடம் அனுமதி பெறும் வேலையை மிரேய் ஏற்றுக்கொண்டார். அது நடக்கச் சிறிது காலம் பிடித்தது, ஆனால் நடந்தது.

கண்காட்சி நவம்பரில் தொடங்கியது. அக்னெஸ் அன்று நீல நிறக் கழுத்துப்பட்டி அணிந்து வந்தார். லவாலில் இருந்து மகன் வந்திருந்தார். வில்லரேயிலிருந்தும் ரொக்ஸ்பரோவிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள், பட்டுச் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு, ஏதோ தங்கள் வீட்டு விசேஷம்போல வந்து நிறைந்தன. அவர்களில் பலர் அந்தக் காட்சியை முன்பே பார்த்தவர்கள். பாதிரியார் ஒருவர் இந்த நகரம் பார்க்கக் கூடாது என்று வெட்டியதை, வரவேற்பறைத் தரையில் சோற்றுக் கோப்பையோடு அமர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த காட்சிக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள். மாமனார்களும் பார்த்தார்கள். ஒருவர்கூட முகத்தைத் திருப்பவில்லை.

சுவரில் இருந்த பலகையில் பிரெஞ்சில் எழுதியிருந்ததைத் துஷாந்தினி உரக்கத் தமிழில் சொன்னாள்: “வரைந்து உயிரூட்டியவர், அக்னெஸ். படத்தைக் காத்தவர், ஜெகதீஸ்வரி மகேந்திரராசா, வீடியோக் கடை, வில்லரே.” கோவிலில் கணக்குக் கேட்ட அந்த முதியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, தாமும் ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்தார். “கத்தரி எண்டு போடேல்லையே,” என்றார்.

“அது உங்களுக்கு மட்டும் அண்ணை,” என்றார் ஜெகதீஸ்வரி.

விளக்குகள் அணைந்தன. பெரிய திரையில் ஆறு விரிந்தது. மழைப் பாட்டு மண்டபத்தை நிறைத்தது. பாட்டு தெரிந்த பெண்கள் சிலர் மெல்ல முணுமுணுத்தார்கள். அக்னெஸின் மகன் முன்னால் குனிந்து, முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றிக்கொண்டு பார்த்தார். கன்னியாஸ்திரி சுற்றினார். தொப்பியைச் சரிசெய்தார். சிலுவை போட்டார். மகன் தாயின் பக்கம் திரும்பினார். அவர் தோளில் கை வைத்தார்.

அப்போது திரை துள்ளியது. தொண்ணூறுகளில் ஏதோ ஒரு பிற்பகலில் ஜெகதீஸ்வரி மஞ்சள் வயரைத் திருப்பி மாற்றியது சற்று முந்திவிட்டது போலும். ஆறு மறைந்து, நனைந்த சேலையோடு நாயகி, வயலின் நடுவே, சுவரளவு உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். யாரும் எதையும் வெட்டக் கூடாது என்ற அக்னெஸின் சொல்லை மிரேய் அப்படியே நிறைவேற்றியிருந்தார்.

ஜெகதீஸ்வரியின் வலது கை, அவரை அறியாமலே, இல்லாத வயரைத் தேடி முன்னால் நீண்டது. அக்னெஸ் அந்தக் கையைப் பிடித்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

“விடுங்கள், மதாம் ஜெகா,” என்றார். “அவளும் நன்றாகத்தான் ஆடுகிறாள்.”